ஆற்றங்கரைப் பட்டா நிலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்: அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வருவாய், பதிவு, நீர்வளம், வனம், சட்டம் ஆகிய துறைகளின் செயலாளர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆற்றைக் காக்க அரசிடம் உள்ள சட்டங்களில் பெரும்பாலானவை புறம்போக்கு எல்லைக்கல்லோடு நின்றுவிடுகின்றன. கல்லுக்கு அந்தப்பக்கம் ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம், அகற்றலாம். கல்லுக்கு இந்தப்பக்கம் பட்டா நிலம். அங்கே மண் எடுக்க அனுமதி கேட்கலாம், செங்கல் சூளைக்கு மண் விற்கலாம், கரையோரக் கிணற்றில் மோட்டார் வைத்து டேங்கர் லாரிக்குத் தண்ணீர் ஏற்றலாம், மனை பிரித்து விற்கலாம். உரிய அனுமதிகளை வாங்கியே இத்தனையும் செய்துவிட முடியும். சில ஆண்டுகளில் கரை தளர்ந்து, அடுத்த பெருவெள்ளத்தில் அந்த எல்லைக்கல்லே ஆற்றுக்குள் போய்விடுகிறது.

இதையெல்லாம் செய்ய விரும்பாத நில உரிமையாளர்களைப் பற்றித்தான் இந்த மடல். பவானி, அமராவதி, தாமிரபரணி, கொள்ளிடம் என எந்தக் கரையில் நடந்தாலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. மருத மரத்தை விற்காமல், ஆறு கொண்டுவந்து படிய வைத்த எக்கல் மண்ணைத் தோண்டவிடாமல், ஆடு மாடு தண்ணீர் குடிக்கத் தடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காப்பு அவர்கள் ஆயுளோடு முடிகிறது. பாகப்பிரிவினையில் நிலம் நாலு பங்காகி, ஒரு பங்கு கடனுக்கு விலைபோனால், வாங்கியவர் முதலில் தோண்டுவது கரையைத்தான். நல்ல மண்ணும் அதன் அடியில் மணலும் அங்கேதான் கிடக்கின்றன. “என் நிலம் யார் கைக்குப் போனாலும் இந்தக் கரையைத் தோண்டக் கூடாது” என்று ஒரு விவசாயி பத்திரத்தில் எழுதிப் பதிந்து, அது நூறாண்டு கழித்தும் செல்லும்படி செய்ய இன்றைய சட்டத்தில் நேரான வழி கிடையாது. அந்த வழியைத் திறந்து கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நாங்கள் கேட்பதைக் ‘கரைக்காப்பு உரிமை’ என்று அழைப்போம். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். உழலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். அவர் பிரித்துக் கொடுப்பது சில உரிமைகளை மட்டும்: கரையில் மண் எடுக்கும் உரிமை, கட்டடம் கட்டும் உரிமை, மனை பிரிக்கும் உரிமை, கரை மரங்களை வேரோடு எடுக்கும் உரிமை, கரைக்கிணற்று நீரை வணிகத்துக்கு விற்கும் உரிமை. இவற்றை அந்த ஆற்றுப் பகுதிக்கென அமைந்த ஓர் உள்ளூர் நில அறக்கட்டளை பெற்றுக்கொள்ளும். தானும் பயன்படுத்தாது, பிறரையும் பயன்படுத்த விடாது. வாங்கியதே பூட்டி வைக்கத்தான்.

இதில் சட்டம் எங்கே இடறுகிறது? 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் 4-ஆம் பிரிவில். நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம், நீர்ப்பாசன பாத்தியம்’ என்று எழுதுகிறோமே, அந்தப் பாத்தியங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒருவர் தன் நிலத்தை நன்கு அனுபவிப்பதற்காகவே அடுத்தவர் நிலத்தின் மேல் பாத்தியம் கொள்ள முடியும் என்கிறது அது. பயன்பெறும் நிலம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அறக்கட்டளைக்கு நிலம் இல்லை. அது காக்க நினைப்பது ஆற்றை. ஆற்றுக்குப் பட்டா கிடையாது. ஆகவே பாத்தியம் பிறப்பதில்லை.

ஒரு சந்து இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பக்கத்து நிலத்தின் நன்மைக்காக எழுதப்பட்ட ‘இன்னது செய்யக் கூடாது’ என்ற கட்டுப்பாட்டை, அது தெரிந்து வாங்கியவர் மீதும் செலுத்த இடம் தருகிறது. பதிந்த ஆவணம் இருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று வாங்கியவர் சொல்ல முடியாது. ஆகவே அறக்கட்டளை கரையோரம் ஒரு சிறு துண்டைக் கிரயம் வாங்கி, ஒரு நாற்றங்காலும் கிணறும் வைத்து, அந்தத் துண்டின் நன்மைக்கென அண்டை நிலத்துக்காரர்களிடம் கட்டுப்பாட்டுப் பத்திரம் பெறலாம். இதை நாங்கள் ‘நங்கூரத் துண்டு’ என்போம். புதுச் சட்டம் வரும்வரை அறக்கட்டளைகள் இதைச் செய்யலாம் என்றே பரிந்துரைக்கிறோம். ஆனால் இதன் பலவீனங்களை மறைக்க விரும்பவில்லை. பக்கத்து நிலத்துக்கு உண்மையான நன்மை இருப்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலத்துக்கு இது எட்டாது. ‘செய்யாதே’ என்பது மட்டுமே அடுத்த உரிமையாளரைக் கட்டும். ‘மரம் நடு, வேலியைச் செப்பனிடு’ என்பன கட்டா. அவற்றுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், அந்த ஒப்பந்தம் நிலம் கைமாறும் நாளில் செத்துவிடும். நங்கூரத் துண்டு விற்கப்பட்டாலோ ஜப்திக்குப் போனாலோ மொத்தக் கட்டும் அவிழும்.

மற்ற வழிகளையும் பார்த்துவிடலாம். நிலத்தையே அறக்கட்டளைக்குத் தானம் கொடுத்துவிடலாமே என்பார்கள். குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் தானத்துக்கு வழிகாட்டி மதிப்பில் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம். கொடுத்தவருக்கு வரிச் சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான் கழிவு தந்தது, நிலத்துக்கு அன்று. நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பேணுவது அறப்பணிதான் என்று 2009 திருத்தம் அதே சட்டத்தில் எழுதி வைத்த பிறகும் நிலைமை இதுதான். போதாததற்கு, நிலம் வாங்கிக் குவிக்கும் அறக்கட்டளை 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் போய் முட்டும். நீண்ட குத்தகை என்றால், 30 ஆண்டைத் தாண்டினால் தீர்வை ஏறுகிறது. அதைவிடப் பெரிய தடை, குத்தகை என்ற சொல்லைக் கேட்டதுமே நிலத்தை மீட்க முடியாமல் போய்விடும் என்று உரிமையாளருக்கு வரும் அச்சம். 1955-ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் நினைவு ஊர்களில் இன்னும் பசுமையாக இருக்கிறது.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் சேர்த்த சமுதாயக் காப்பகம் என்ற ஏற்பாடு தனியார் நிலத்துக்கும் பொருந்தும். கேரளத்தின் கடலுண்டி-வள்ளிக்குன்னும் கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரும் 2007-இல் அப்படி அறிவிக்கப்பட்டவை. பறவைகள் கூடும் இடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டத்தின் ஓரத்துக்கு ஏற்றதன்று. அறிவித்த பின் நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று கேட்டால் எந்த விவசாயியும் கையெழுத்திட மாட்டார். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பும் முழுக் காப்பு அன்று. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய பகுதியில் 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. மக்கள் திரண்டு போராடிய பிறகே, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன என்று பார்ப்பது வீண் வேலை அன்று, ஏனெனில் நம்முடையதும் அவர்களுடையதும் ஒரே ஆங்கிலச் சட்ட வேரிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-இல் முதல் நில அறக்கட்டளை எழுந்தது. அது நிலத்தையே கையில் வைத்துக் காத்தது. நிலத்தை விட்டுவிட்டு உரிமையை மட்டும் பிரித்து வாங்கும் முறையில் எங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பென்சில்வேனியாவின் பிராண்டிவைன் ஆறு. அங்கே 1960-களின் நடுவில் சாட்ஸ் ஃபோர்டு என்ற ஊரின் வெள்ளச் சமவெளிக்குத் தொழிற்சாலைகள் வரவிருந்தன. உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நிலத்தை வாங்கி, 1967-இல் அறக்கட்டளை அமைத்தார்கள். 1969-இல் கரை உரிமையாளர்கள் தந்த முதல் பாதுகாப்பு உரிமைகள் ஐந்தரை மைலுக்கும் கூடுதலான ஆற்றங்கரையைக் காத்தன. மோன்டானா மாநிலம் 1975-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே பிளாக்ஃபுட் ஆற்றங்கரையில் முதல் உரிமைப் பத்திரம் பதிவானது. 1981-இல் அமெரிக்க மாநிலங்களுக்கென வரையப்பட்ட மாதிரிச் சட்டத்தின் மிகப் பயனுள்ள வரி இதுதான்: பயன்பெறும் நிலம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்த உரிமை செல்லும். நம் 4-ஆம் பிரிவு போட்ட முடிச்சு அந்த ஒரே வரியில் அவிழ்கிறது. இங்கிலாந்தும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது. அங்கே 2014-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்த இத்தகைய உரிமை, 2021 சுற்றுச்சூழல் சட்டத்தில் எழுதப்பட்டு, 2022 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது.

மத்தியச் சட்டம் இருக்கும்போது மாநிலம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி வரும். நிலத்தின் மேலுள்ள உரிமைகளும் வேளாண் நில மாற்றமும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 18-ஆம் பதிவு. வேளாண் நிலத்துக்கு மட்டும் இந்த உரிமையை உண்டாக்கும் மாநிலச் சட்டத்துக்கு அது போதும் என்பது எங்கள் கருத்து. பதிவுச் சட்டத்தோடு உராயும் இடங்களுக்கு 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம்.

இனி, கரையோரக் காப்புப் பட்டையின் அகலத்தைச் சட்டத்தில் எப்படி எழுதுவது என்பது. தவறினால் விவசாயிகளின் எதிர்ப்பை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறோம்.

சிற்றாறுகளின் நீர் தூய்மைக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கரையோரம் மரங்கள் நிற்கும் நிலப்பட்டை 30 மீட்டர் அகலமாவது வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்ற அளவு. அதை அப்படியே எடுத்து ‘30 மீட்டர், தொடக் கூடாது’ என்று எழுதினால் என்ன ஆகும்? ஆற்றோரம் 60 மீட்டர் நீளம் உள்ள நிலத்தில் 30 மீட்டர் அகலம் என்றால் 1,800 சதுர மீட்டர், ஏறத்தாழ 44 சென்ட். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 சென்ட். நாலில் ஒரு பங்கைக் கையை விட்டுவிடு என்று ஒரு சிறு விவசாயியிடம் கேட்பது அறமும் அன்று, நடக்கப்போவதும் இல்லை. எனவே அடுக்கு முறையில் எழுதுங்கள். அமெரிக்க வனத்துறை 1991-இல் வெளியிட்ட கரைக்காட்டு வழிகாட்டி ஆற்றிலிருந்து 15 அடி, 60 அடி, 20 அடி என மூன்று அடுக்கு வைத்தது. நம் நில அளவுக்கு நாங்கள் முன்வைப்பது: கரை விளிம்பிலிருந்து முதல் 5 மீட்டரில் உழவும் இல்லை, வெட்டும் இல்லை. மேற்சொன்ன நிலத்தில் இது ஏழரை சென்டுதான். அடுத்த 10 மீட்டரில் பலன் தரும் மரங்களும் மூங்கிலும் தீவனப்புல்லும் வைத்து அறுவடை செய்துகொள்ளலாம், ஆனால் மண்ணைத் திறந்து போடக் கூடாது. மீதி 15 மீட்டரில் வழக்கம்போல் வெள்ளாமை. தோண்டுவதும் கட்டுவதும் மட்டும் கூடாது. விவசாயி இழப்பது சிறிது, ஆற்றுக்குக் கிடைப்பது பெரிது.

எதிலிருந்து அளப்பது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். நில அளவைப் புலப்படத்தில் வரைந்த ஆற்று எல்லையிலிருந்து அளந்தால், ஆறு நகரும்போது காப்புப் பட்டை தண்ணீருக்குள் நிற்கும். அன்றைய கரை விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். விளிம்பு பின்வாங்கினால் பட்டையும் அதோடு உள்ளே நகர வேண்டும், ஆனால் மொத்தப் பரப்புக்கு ஓர் உச்ச அளவு பத்திரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு வெள்ளத்தில் 10 மீட்டர் இழந்த விவசாயி, இன்னொரு 10 மீட்டரைக் காப்புக்கும் இழப்பார். ஆறு ஒதுங்கி எக்கல் சேர்ந்தால், அந்தப் புதுப் படுகை யாருடையது என்ற வழக்கை இந்தச் சட்டத்துக்குள் இழுக்காதீர்கள்.

பட்டையை வேலி போட்டு அடைக்கக் கூடாது. இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆற்றங்கரை என்பது மீன்பிடிப்பவர், துணி வெளுப்பவர், ஆடு மேய்ப்பவர், நாணல் அறுப்பவர், ஈமச்சடங்குக்கு வருபவர், ஆடிப்பெருக்கு அன்று முளைப்பாரி கொண்டு வருபவர் எல்லாருக்கும் வழக்கமான தடம் உள்ள இடம். பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே இந்தத் தடங்களை அளவோடு குறிக்க வேண்டும்: கால்நடை இறங்கும் துறை 3 மீட்டர் அகலத்தில் சரிவாக, இயன்றால் கல் பாவி. மாடு இறங்க ஒரே இடம் இருந்தால் மற்ற இடத்தில் கரை உடையாது. தடத்தை அடைத்தால் அறக்கட்டளைக்கு முதல் எதிரி ஊரே ஆகிவிடும்.

கரையில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதிலும் நல்லெண்ணத்தால் நேரும் கேடுகள் உண்டு. சீமைக்கருவேலத்தை ஜேசிபி கொண்டு வேரோடு பிடுங்குவது அவற்றில் முதலாவது. சமதரையில் சரி, கரைச் சரிவில் அதன் வேர்தான் அப்போதைக்கு மண்ணைப் பிடித்திருக்கிறது. பிடுங்கிய மழைக்காலத்திலேயே கரை சரியும். தரையோடு வெட்டி, தளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் வெட்டி, இடையில் நட்ட மரங்கள் நிழல் கட்டியபின் முற்றாக ஒழிக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டு வேலை. தண்ணீர் தொடும் அடிவரிசையில் நாணல், அதற்கு மேல் நீர்நொச்சி, சரிவில் செடிக்குச் செடி 15 செ.மீ. இடைவெளி விட்ட வெட்டிவேர் வரிசைகள், மேட்டில் மருது, புங்கன், நாவல், இலுப்பை என்ற ஒழுங்கு கரைக்கு ஏற்றது. தென்னையை விளிம்பில் வைக்க வேண்டாம். அதற்குச் சல்லிவேர், அடியில் அரிப்பு விழுந்தால் சாய்ந்து, ஒரு பெரும் மண்கட்டியையும் சேர்த்து இழுத்துப் போகும். நடவை ஐப்பசி மழைக்குப் பொருத்தி, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யார் ஏற்பது என்று முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். மரம் நடு விழாக்கள் தோற்பது பங்குனி, சித்திரையில்தான்.

இப்போது பத்திரத்துக்கு முந்தைய வேலைகள். உரிமை பிழைப்பதும் சாவதும் இங்கேதான். முதலில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஐந்தையும் ஒப்பிட வேண்டும். கரையோர நிலத்தில் பத்திரப் பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒத்துப்போவது அரிது. சில சென்ட் ஆற்றிலும் சில சென்ட் புறம்போக்கிலும் இருக்கும். சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகே அடுத்த அடி. பஞ்சமி நிலம், பூதான நிலம், அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம், கோயில் நிலம் என்றால் அறக்கட்டளை விலகி நிற்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் கையெழுத்து போதாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மாநிலத் திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் வந்தபின் மகள்களின் பங்கை விட்டு எழுதிய பத்திரம் என்றாவது ஒருநாள் உடையும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இவற்றைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது அடமானம். வங்கிக் கடன் முந்திப் பதிவாகி, காப்பு உரிமை பிந்திப் பதிவானால், கடன் வாராமல் வங்கி ஏலம் விடும் நாளில் காப்பு உரிமை அடிபட்டுப் போகும். வாங்கியவர் சுத்தமான நிலத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே தோண்டலாம். ஆகவே காப்பு உரிமைக்குத் தன் அடமானம் கட்டுப்பட்டது என வங்கி எழுதிக் கொடுக்கும் இசைவுப் பத்திரம் இல்லாமல் பதிவு செய்யவே கூடாது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் இதற்கு ஒரு பொதுப் படிவத்தை அரசே வகுத்துத் தந்தால், பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

பதிவு நாளில் நிலம் எப்படி இருந்தது என்ற தொடக்கநிலை ஆவணம் பத்திரத்தோடு இணைய வேண்டும். கரை விளிம்பிலிருந்து 10 மீட்டர் உள்ளே, 20 மீட்டருக்கு ஒன்றாகக் குறிகற்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் விளிம்பு வரை டேப்பில் அளந்த தூரம். கல்லருகே நின்று நான்கு திசையிலும் படம், படத்தில் 2 மீட்டர் அளவுகோல். மரங்களின் இனமும் மார்பளவுச் சுற்றளவும். கிணறுகளின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், இருக்கும் கட்டடங்களின் அளவு. உரிமையாளரும் அறக்கட்டளையும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் தை மாதம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அதே கற்களிலிருந்து அதே அளவுகள். ‘இந்தப் பள்ளம் முன்பே இருந்தது’ என்ற வாதத்துக்கு நீதிமன்றத்தில் விடை இந்த டேப் அளவுதான். ஒரு வருடம் பார்வையிடாமல் விட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வருடத்தைத்தான் பிடிப்பார்.

இதற்குப் பணம் வேண்டும், அதுவும் என்றென்றைக்கும். ஒரு நிலத்தைப் பார்வையிட, அளக்க, அறிக்கை எழுத ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 விழுக்காடு மட்டும் எடுப்பதென்றால் 1,50,000 ரூபாய் வைப்புநிதி வேண்டும்; வழக்கு நிதி தனி. வைப்புநிதி இல்லாத உரிமையைப் பதியவே அனுமதிக்காதீர்கள். இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் ஏரியைப் பராமரிக்கவென்றே ‘ஏரிப்பட்டி’ என நிலம் ஒதுக்கி, அதன் வருவாயில் ஆண்டுதோறும் தூர் எடுத்தார்கள். காப்பைக் கட்டளையிடும்போதே அதன் செலவுக்கும் வழி வைத்தார்கள்.

விவசாயிக்கு என்ன கொடுப்பது? அமெரிக்காவைப் போல் உரிமையின் ‘மதிப்பு’ முழுவதையும் வருமான வரியில் கழிக்கும் முறையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். அங்கே தரகர்கள் முதலீட்டாளர்களைச் சேர்த்து மலிவான நிலத்தை வாங்கி, பன்மடங்கு மதிப்புச் சான்று பெற்று, வரிக் கழிவைப் பங்கு போட்டார்கள். வரித்துறை 2016 டிசம்பரில் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 2022 இறுதியில் சட்டமே திருத்தப்பட்டு, அத்தகைய கூட்டுகள் போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கோர முடியாது என்றானது. இங்கே சென்டுக்கு இவ்வளவு என ஆண்டுத் தொகையும், காப்பு உரிமைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை விலக்கும் போதும். ஆண்டுத் தொகை, அந்தத் தை மாதப் பார்வையில் கரை சரியாக இருந்தால் மட்டும் வழங்கப்பட வேண்டும்.

அந்தத் தொகையைக் கீழ்மடைக்காரர், அதாவது ஆற்று நீரைக் கீழே எடுத்துப் பயன்படுத்துவோர், தர வேண்டும். நியூயார்க் மாநகரம் 1997-இல் செய்த உடன்படிக்கையின்படி, வடிகட்டு ஆலை கட்டுவதற்குப் பதில் மலைப்பகுதி நீர்ப்பிடிப்பில் விற்க முன்வருபவரிடம் மட்டும் நிலமும் காப்பு உரிமைகளும் வாங்கியது. கட்டாயக் கையகப்படுத்தல் இல்லை, அந்த நிலங்களுக்கு உள்ளூர் வரியையும் மாநகரமே கட்டுகிறது. நம் கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள் பலவும் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து நீர் எடுக்கின்றன. மணல்தான் அங்கே வடிகட்டி. கரை சரிந்து சேறு படிந்தால் அந்தக் கிணறுகளின் ஊற்று அடைபடும். ஆகவே குடிநீர்த் திட்டத்தின் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு மேல்மடைக் கரைக்குப் போவது கொடை அன்று, அந்தத் திட்டத்தின் வேலைதான்.

அறக்கட்டளை யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லட்டும். அறங்காவலர்களில் பாதிக்கு மேல் அந்த ஆற்றுப் பகுதியின் கரை உரிமையாளர்கள். மீதியில் நிலமற்ற கரைப் பயனாளர்களும் பெண்களும் கட்டாயம். குவாரி ஒப்பந்தமும் மனைத் தொழிலும் செய்பவர்கள் இருக்கக் கூடாது. தன் நிலம் பற்றிய முடிவில் அறங்காவலர் வாக்களிக்கக் கூடாது. இந்த உரிமைகளை வைத்திருக்கும் அறக்கட்டளைகளின் பதிவேடு மாவட்டப் பதிவாளரிடம் இருக்க வேண்டும். காப்பு உரிமை வில்லங்கச் சான்றிலும் பட்டாவின் குறிப்பிலும் ஒருசேரத் தெரிய வேண்டும். வாங்குபவர் பலர் பட்டாவை மட்டுமே பார்க்கிறார்கள்.

புறவழிச்சாலைக்கோ வேறு பொதுத் தேவைக்கோ காப்பு நிலம் கையகப்படுத்தப்பட்டால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படியான இழப்பீட்டில் காப்பு உரிமையின் பங்கு அறக்கட்டளைக்கு வந்து, அதே ஆற்றில் வேறு கரையைக் காக்கச் செலவாக வேண்டும். அறக்கட்டளை செயலற்றுப் போனாலோ விலைபோனாலோ, இரண்டு தை மாதங்கள் தொடர்ந்து அறிக்கை வராதபோதே, பத்திரத்தில் முன்பே பெயர் குறித்த மாற்று அறக்கட்டளைக்கு அந்த உரிமை தானாக மாற வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத வரைவை எங்களால் ஆதரிக்க முடியாது.

முதலில் ஒரே ஓர் ஆற்றில், இரண்டு சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் மட்டும், மூன்று ஆண்டுக்கு நடத்திப் பார்க்கலாம். மாதிரிப் பத்திரம், வங்கி இசைவுப் படிவம், தொடக்கநிலை ஆவணப் படிவம் மூன்றையும் தமிழில் வரைந்து தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். வரைவுக் குழுவில் ஒரு சர்வேயரும், ஒரு சார்பதிவாளரும், கரையில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இருவரும் கட்டாயம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை நிலம், பதிவு, நில அளவைப் பணிகளில் ஈடுபட்டுள்ளோர்